தனியே சுமக்க வேண்டியதில்லை: பராமரிப்போர் பெற்ற உதவியின் வரலாறு



ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால், நோயுற்றவரைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறோம். அவருடைய படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியை, மகனை, மருமகளைப் பற்றி விசாரிப்பவர் மிகச் சிலரே. நம்மவரிடையே மற்றொரு சுமையும் சேர்ந்துகொள்கிறது. மகளின் கலியாணப் பேச்சு தடைப்படுமோ, ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தில் நோயின் பெயரையே மறைக்கிறோம். நோயை மறைப்பவர் உதவி கேட்க இயலாது. ஆகவே பராமரிப்பவர் தன் வீட்டுக்குள்ளேயே தனித்துப்போகிறார்.

நாம் வாழும் இந்தப் பிரித்தானியாவிலும் ஒரு காலத்தில் நிலைமை இதுவே. இன்று இங்கு கிடைக்கும் ஆதரவு அரசு தானாக முன்வந்து அளித்ததன்று. துயரத்தின் நடுவிலும் வாய்திறந்து கேட்ட சிலரால் அது உருவானது. அவர்களின் வரலாற்றை நீங்கள் அறிந்திருப்பது நன்று.

1911ஆம் ஆண்டில் டக்ளஸ் மக்மிலன் என்ற இளம் அரச ஊழியர் தம் தந்தை புற்றுநோயால் வருந்தி இறப்பதைக் கண்டார். தந்தை அளித்திருந்த 10 பவுணைக் கொண்டு அவர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். நோயாளருக்கும் குடும்பத்தாருக்கும் ஆலோசனையும் தகவலும் கிடைக்க வேண்டும். வீட்டுக்கே வந்து உதவும் தாதியர் வேண்டும் என்பதே அவர் விருப்பம். அந்நாளில் மருத்துவர்களே பலவேளைகளில் நோயின் பெயரைச் சொல்லத் தயங்கினர். மக்மிலன் தாதியர் முதன்முதலாகப் பணிக்கு வந்தது 1975இல்தான். நிறுவியவர் 1969இலேயே மறைந்துவிட்டார். தாம் விதைத்ததன் முழு விளைச்சலை அவர் காணவில்லை.

கிழக்கு இலண்டனின் ஹக்னியில், அயர்லாந்திலிருந்து வந்த பிறரன்பு அருட்சகோதரிகள் 1905இல் புனித சூசையப்பர் இல்லத்தைத் திறந்தனர். மரணத்தறுவாயில் இருந்த ஏழைகளுக்கான இல்லம் அது. 1958இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் அங்கு பணியாற்ற வந்தார். வலி தாங்க முடியாமல் நோயாளர் கதறிய பின்பு மருந்து கொடுப்பதே அக்காலத்து வழக்கம். வலி தலைதூக்குமுன்பே, குறித்த நேரங்களில் மருந்து கொடுக்கும் முறையை அவர் அங்கு நிலைநாட்டினார்.

அவரது உள்ளத்தில் இப்பணிக்கான விதையை ஊன்றியவர்களுள் ஒருவர் ஓர் அகதி. டேவிட் தஸ்மா என்ற போலந்து நாட்டு யூதர், உறவினர் எவருமின்றி 1948இல் இலண்டன் வைத்தியசாலையொன்றில் புற்றுநோயால் இறந்தார். சிசிலி கட்டவிருந்த இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க விரும்புவதாகச் சொல்லி, 500 பவுணை அவருக்கு விட்டுச்சென்றார். அந்த இல்லம் எழப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 1967இல் தென் இலண்டனின் சிடன்ஹாமில் புனித கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. நோயாளரின் உடல்வலியோடு அவரது மனத்துயரையும், குடும்பத்தின் கவலையையும், ஆன்மாவின் கலக்கத்தையும் ஒன்றாகக் காண வேண்டும் என்று சிசிலி கற்பித்தார். 1969 முதல் அவ்வில்லத்தின் தாதியர் நோயாளரின் வீடுகளுக்கும் சென்றனர். அகதியாய் வந்து தனிமையில் இறந்த ஒருவரின் கொடை, இன்று எத்தனையோ குடும்பங்களின் தனிமையைப் போக்குகிறது. நாடிழந்து வந்த நம்மவர்க்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

நோயாளருக்கு இவ்வாறு வழி பிறந்தது. பராமரிப்பவருக்காகக் குரலெழுப்பியவர் மேரி வெப்ஸ்ரர். கிறிஸ்தவத் திருச்சபையொன்றின் போதகரான அவர், பெற்றோரைக் கவனிப்பதற்காகத் தம் 31ஆவது வயதில் பணியைத் துறந்தார். 1963இல் தம்மைப் போன்ற பெண்களின் நிலையைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். அதே நிலையில் தவித்த நூற்றுக்கணக்கானோரிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. தாம் ஒருவரே இப்படி வாழ்கிறோம் என்று அவர்கள் ஒவ்வொருவரும் எண்ணியிருந்தனர்! 1965இல் அவர்களுக்கெனச் சங்கம் பிறந்தது.

1976இல் பராமரிப்போருக்கான அரச கொடுப்பனவு வந்தது. ஆயினும் மணமான பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் எப்படியும் வீட்டில் இருப்பவர்கள்தானே என்பது அதன் காரணம். தம் தாயைப் பராமரித்த ஜக்கி டிரேக் என்ற மணமான பெண் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ‘இது மனைவியின், மருமகளின் கடமைதானே’ என்று நாம் வீடுகளில் சொல்லும்போது, நீதிமன்றம் தள்ளிவிட்ட அதே வாதத்தையே திரும்பச் சொல்கிறோம்.

அக்காலத்திலேயே விக்கி கிளமென்ற் ஜோன்ஸ் என்ற இளம் மருத்துவர் சூலகப் புற்றுநோய்க்கு ஆளானார். மருத்துவரான தமக்கே நோயாளியாக வேண்டிய தகவல் கிடைப்பது அரிதென்றால் மற்றவர் என்ன செய்வர் என்று எண்ணினார். அவர் உருவாக்கிய அமைப்பு 1985இல் தொலைபேசி வழியே தாதியர் மூலம் தகவல் வழங்கத் தொடங்கியது. 1987இல் அவர் இறந்தார். 2008இல் அவ்வமைப்பு மக்மிலனுடன் இணைந்தது.

அன்புக்குரியவர்களே, இவர்கள் திறந்த கதவுகள் இன்றும் திறந்தே இருக்கின்றன. மக்மிலன் உதவித் தொலைபேசியை (0808 808 00 00) நோயாளர் மட்டுமன்றி, பராமரிப்பவரும் இலவசமாக அழைக்கலாம். ஆங்கிலத்தில் ‘தமிழ்’ என்று மொழியின் பெயரைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வைத்தியசாலையிலும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தாயின் நோயைத் தாய்க்கே மொழிபெயர்த்துச் சொல்லும் பாரத்தைப் பதினான்கு வயது மகள்மீது ஏற்றாதீர்கள். இங்கிலாந்தில், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, பராமரிப்பவர் தமது தேவைகளை மதிப்பிடுமாறு உள்ளூராட்சி சபையைக் கேட்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் 2009 முதல் மருந்துக் கட்டண விலக்குச் சான்றிதழ் பெறலாம். 2024 ஏப்ரல் முதல், பராமரிக்கும் ஊழியர் ஆண்டுக்கு ஒரு வாரம் ஊதியமற்ற விடுப்பு எடுக்க உரிமையுண்டு. வாரத்தில் 35 மணிநேரமேனும் பராமரிப்பவருக்கான கொடுப்பனவும் உள்ளது. அதற்கு வேறு நிபந்தனைகளும் உண்டு. பொது நிதியுதவிக்குத் தடையுள்ள விசாவில் இருப்பவர்கள், அதற்கு விண்ணப்பிக்கும் முன் தகுந்த ஆலோசனை பெறுங்கள்.

உதவி கேட்பது அன்பின் குறைவு என்று சிலர் எண்ணுகிறார்கள். கல்வாரிப் பாதையில் நம் ஆண்டவரே சிலுவையைத் தனியே சுமக்கவில்லை. வழியே வந்த சீரேன் ஊர்ச் சீமோனின் தோளும் அதைத் தாங்கியது. சீமோன் அந்நகருக்கு அந்நியர். அவரது பெயரை நற்செய்தி மறக்கவில்லை.

உங்களில் யாரேனும் இந்தச் சுமையை மறைவாகச் சுமந்துகொண்டிருந்தால், என்னிடம் வந்து பேசுங்கள். நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். மற்றவர்கள், உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு இவ்வாரம் சென்று, பராமரிப்பவரின் நலத்தை விசாரியுங்கள். இரண்டு மணிநேரம் நோயாளருக்கு அருகில் நீங்கள் இருந்து, அவரை உறங்க விடுங்கள்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குத்தந்தை