பாட்டம், வாடகை, அடிக்காசு: புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டின் குடிக்கூலி வரலாறு

புதுச்சேரியில் நேரு வீதிக்கும் அரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே அமைந்த பெரிய மார்க்கெட், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கிராண்ட் பஜார் எனப்பட்டது. பின்னர் எதுவார் குபேரின் பெயரைப் பெற்றது. மக்கள் நாவில் நின்ற பெயர் பெரிய மார்க்கெட் என்பதே. அதனுள் வணிகம் புரிவதை ஒட்டிச் செலுத்தப்பெறும் பணம் மூன்று பெயர்களால் வழங்குகின்றது. கடையறை பெற்றவர் நகராட்சிக்குத் திங்கள்தோறும் செலுத்துவது வாடகை. தரையில் கூடையையோ சாக்கையோ பரப்பி விற்பவர் அன்றன்று செலுத்துவது அடிக்காசு. அவ்வடிக்காசைத் தண்டும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர் செலுத்துவது குத்தகை. இம்மூன்றும் ஒரே நிலத்தின் பயனுக்காகக் கொடுக்கப்படுவனவே. எனினும், இடத்தை விட்டு முறையின்றி வெளியேற்றப்படாமலும் கூலி அளவின்றி உயர்த்தப்படாமலும் இருத்தற்குரிய காப்பு இம்மூவருக்கும் ஒன்றாக அமையவில்லை. அவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

சொல்லிலிருந்து தொடங்குதல் தமிழ்த் துறையினராகிய நமக்குப் பொருந்தும். சோழர் காலச் சாசனங்களில் தட்டார்ப்பாட்டம், இடைப்பாட்டம், அங்காடிப் பாட்டம் என்னும் வரிப்பெயர்கள் காணப்படுகின்றன. இங்குப் பாட்டம் என்பது ஆட்சியாளர் கொள்ளும் இறை. அதே சொல் மலையாளத்தில் நிலக்கிழார்க்குக் குடியானவன் கொடுக்கும் குத்தகைப் பொருளைக் குறித்து நிற்கின்றது. ஒரு சொல் ஓரிடத்தில் வரியாகவும் மற்றோரிடத்தில் வாடகையாகவும் வழங்குவது தற்செயலன்று என்பது நம் கருத்து. நிலத்துக்கு உடையவனும் நாட்டுக்கு ஆள்வோனும் ஒருவனாகவே இருக்குமிடத்தில், கொடுப்பவன் எதைக் கொடுக்கின்றான் என்று பிரித்துணர வழியில்லை. நகராட்சி அங்காடியிலும் நிலை இதுவே. நகராட்சி ஆட்சியமைப்பு, அங்காடிக்குரிய வீட்டுக்காரரும் அதுவே.

வாடகை என்னும் சொல் வடமொழிப் பாடகத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படுகின்றது. தமிழில் அதற்கு நேரான குடிக்கூலி என்னும் தொடரே பொருட்செறிவு மிக்கது. குடியிருத்தலுக்காகக் கொடுக்கும் கூலி என்பதில் 'குடி' என்னும் நிலைபேறு உட்கிடையாக உள்ளது. அடிக்காசு என்பதிலோ குடி இல்லை. கால் ஊன்றும் அளவு இடத்துக்கு அன்றைய காசு என்ற பொருளே தோன்றுகின்றது. மறுநாளைப் பற்றிய உறுதி அச்சொல்லிலேயே இல்லை. சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே மரநிழலில் கூடிய நாளங்காடியின் வணிகரும் இத்தகையோரே போலும்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1819 சனவரி 6ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பு புதுச்சேரிக்கு வந்தது. இந்துக்களும் இசுலாமியரும் தத்தம் வழக்காறுகளின்படி தீர்ப்புப் பெறும் உரிமையும் அவ்வாணையிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. மணம், தாயம் முதலியவற்றில் வழக்காறு ஓங்கி நின்றது. வாடகை முதலிய ஒப்பந்தங்களில் சட்டத்தொகுப்பின் செல்வாக்கே மிகுதி. 1804இல் பிரான்சில் இயற்றப்பட்ட அத்தொகுப்பின் வாடகை இயலைப் படிப்போர்க்கு இருவேறு உணர்ச்சிகள் தோன்றும்.

முதலாவது, வியப்பு. அதன் 1743ஆம் உறுப்பின்படி, வீட்டை விலைக்கு வாங்கிய புதிய உரிமையாளர், நொத்தேர் முன் எழுதிய ஒப்பந்தமோ, நாள் உறுதிப்பட்ட ஒப்பந்தமோ உடைய குடியிருப்பவரை வெளியேற்ற இயலாது. வீடு கைமாறினாலும் குடி கைமாறாது என்னும் இக்கொள்கை அந்நாளில் சிறிய பேறன்று. எழுத்தின்றி விடப்பட்ட வீட்டில் வெளியேறும் அறிவிப்புக்கு எவ்வளவு காலம் தரவேண்டும் என்பதை 1736ஆம் உறுப்பு அவ்வூர் வழக்கத்திற்கே விட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் உரிமையாளர் தடுக்காமலிருக்கக் குடியிருப்பவர் தொடர்ந்து இருப்பாராயின், புதிய வாடகை உடன்பாடு தானே தோன்றியதாகக் கொள்ளப்படும் என்றது 1738. பழுது பார்க்கும் வேலை நாற்பது நாளைக் கடந்து நீண்டால் வாடகையைக் குறைக்க வேண்டும் என்னும் விதியும் 1724ஆம் உறுப்பில் இருந்தது.

இரண்டாவது, ஐயம். வாய்மொழியாக விடப்பட்ட வீட்டில் வாடகைத் தொகை பற்றி வழக்கெழுந்து, பற்றுச்சீட்டும் இல்லையாயின், 1716ஆம் உறுப்பின்படி உரிமையாளர் சத்தியம் செய்து கூறும் தொகையே ஏற்கப்படும். குடியிருப்பவர் மதிப்பீட்டாளரை வேண்டலாம். ஆனால் மதிப்பீடு அவர் கூறிய தொகையைக் கடந்தால் செலவு அவர் தலையில் விழும். எழுத்தறிந்து நொத்தேரிடம் செல்லும் வசதியுடையவரைக் காத்த சட்டம், எழுத்தில்லாதவரை உரிமையாளரின் நாவிற்கு ஒப்படைத்தது. வாடகை எவ்வளவு உயரலாம் என்பதற்கு அத்தொகுப்பில் வரம்பு எதுவும் இல்லை. பிரான்சிலேயே கடைக்காரர்க்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமையும், மறுத்தால் இழப்பீடும் 1926 சூன் 30ஆம் நாள் சட்டத்தால்தான் வந்தன. 1953 செப்டம்பர் 30ஆம் நாள் ஆணை அவற்றை உறுதிப்படுத்தியது. அடுத்த ஆண்டிலேயே புதுச்சேரி இந்தியாவிடம் வந்துவிட்டது.

சட்டம் காவாத இடத்தில் சில வேளை மனிதர் காத்ததுண்டு. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரின் வரலாற்றை எழுதியோர், 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என்று பாரதியார் அன்போடு பெயரிட்டழைத்த வீட்டுக்காரரைக் குறிப்பிடுவர். வாடகை கேட்க வருவார், பாட்டைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார் என்பது செய்தி. இலக்கிய வரலாற்றுக்கு இது இனிய நிகழ்ச்சி. வாடகை வரலாற்றுக்கோ, குடியிருப்பவரின் காப்பு உரிமையாளரின் உள்ளத்தைச் சார்ந்திருந்தது என்பதற்குச் சான்று.

ஆங்கிலேயர் ஆண்ட சென்னையில் கதை வேறு வழியில் நடந்தது. முதல் உலகப் போருக்குப் பின் மனை விலை ஏறவே, பிறர் மனையில் வீடு கட்டி வாழ்ந்தோரை நில உரிமையாளர் வெளியேற்றத் தலைப்பட்டனர். அதன் விளைவே 1921ஆம் ஆண்டுச் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். 1922இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் முகவுரை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. நியாயமான வாடகையைச் செலுத்தும் வரையில் வெளியேற்றப்படோம் என்ற நம்பிக்கையில் கட்டடம் எழுப்பியவர்களைக் காப்பதே தன் நோக்கம் என்று அது கூறுகின்றது. ஒப்பந்தத்தில் எழுதப்படாத ஒரு நம்பிக்கையைச் சட்டம் உரிமையின் அடிப்படையாக ஏற்றது. வெளியேற்றினால் கட்டடத்திற்கு இழப்பீடு தரவேண்டும். 9ஆம் பிரிவின்படி, மனையைத் தனக்கே விற்கும்படி நீதிமன்றத்தைக் குடியிருப்பவர் வேண்டவும் கூடும். தென்னாட்டு வாடகைச் சட்டங்களுள் இதனினும் துணிவுடைய ஒன்றை நாம் கண்டிலோம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகளும், 1946, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், இறுதியாக 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டமும் சென்னையில் அடுத்தடுத்து வந்தன. அவற்றை விரித்துரைப்பது ஈண்டு வேண்டா.

புதுச்சேரியில் 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேருள் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டம் உடனே மாறவில்லை. 1962 ஆகஸ்டு 16இல் இணைப்பு முறைப்படி நிறைவெய்திய பின்னரே இந்தியச் சட்டங்கள் படிப்படியாக வந்தன. சொத்து மாற்றுச் சட்டம் 1968இல்தான் வந்தது. அதன் 106ஆம் பிரிவு, திங்கள் வாடகையில் இருப்பவரைப் பதினைந்து நாள் அறிவிப்பில் வெளியேற்ற இடம் தருகின்றது. ஊர் வழக்கத்தை நோக்கிய பிரெஞ்சு விதியின் இடத்தில், எந்த ஊருக்கும் ஒன்றேயான பதினைந்து நாள் வந்து அமர்ந்தது. அடுத்த ஆண்டே புதுச்சேரிக் கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1969 இயற்றப்பட்டதை இப்பின்னணியில் காண வேண்டும். சென்னைச் சட்டத்தின் வழியைப் பின்பற்றிய இச்சட்டத்தால், நியாய வாடகையை வரையறுக்க அதிகாரி அமர்த்தப்பட்டார். வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை முதலிய காரணங்கள் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி வெளியேற்றுதல் இல்லை என்றாயிற்று.

இச்சட்டம் பெரிய மார்க்கெட்டின் வாயில்வரை வந்து நின்றுவிட்டது என்றே கூறத் தோன்றுகின்றது. இத்தகைய சட்டங்கள் பேசுவது கட்டடத்தைப் பற்றி. தனித்து விடப்பட்ட கட்டடப் பகுதியும் குடிசையும் அதில் அடங்கும். கூடைக்குக் கீழுள்ள தரை அடங்காது. கடையறை கட்டடமே எனினும் அதன் உரிமையாளர் நகராட்சி. அரசும் உள்ளாட்சியும் உடைய கட்டடங்களுக்கு விலக்களிப்பது இந்திய வாடகைச் சட்டங்களில் பெருவழக்கு; 1947ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தெளிவான எடுத்துக்காட்டு. பொது அமைப்பு ஊதியம் கருதிக் குடியிருப்பவரை வருத்தாது என்பதே அவ்விலக்குக்குக் கூறப்படும் காரணம். அங்காடிப் பாட்டத்தை அறிந்த நமக்கு அக்காரணம் முழு நிறைவு தருவதன்று. உச்ச நீதிமன்றமும் அதை அப்படியே விட்டுவிடவில்லை. பம்பாய்த் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கட்டடங்கள் பற்றிய 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பில், வாடகைச் சட்டத்தினின்று விலக்குப் பெற்ற பொது அமைப்பு, வெளியேற்றும்போதும் நியாயமாகவும் பொதுநலன் கருதியும் நடத்தல் வேண்டும் என்றது. அதே கழகம் வாடகையைப் பன்மடங்கு உயர்த்திய வழக்கில், 2004இல், தனியார் உரிமையாளரைப் போலச் சந்தை விலையைத் துரத்தி உயர்த்தலாகாது என்று வரம்பிட்டது. ஆயினும் இது வழக்காடிப் பெறும் காப்பு. அடிக்காசு செலுத்துபவர் உயர் நீதிமன்றம் வரை செல்வார் என்று எதிர்பார்ப்பது எளிதன்று.

நகர்மன்றத்தின் வழியாக முறையிடும் வாய்ப்பும் நெடுங்காலம் இல்லாதிருந்தது. 1880 மார்ச்சு 12ஆம் நாள் பிரெஞ்சு ஆணையால் கொம்யூன்கள் தோன்றின. 'மேரி' என்று மக்கள் அழைத்த நகர்மன்ற அலுவலகமும் அம்முறையின் வழி வந்ததே. 1973ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் அம்முறையை மாற்றியது. ஆனால் 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். இடைப்பட்ட 38 ஆண்டுகளின் பெரும்பகுதியில் அங்காடியின் வாடகையை உயர்த்தியவர்களும் குறைத்தவர்களும் அலுவலர்களே. வணிகர் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் எவரும் மன்றத்தில் இல்லை.

2017இல் புதுச்சேரி திறன்மிகு நகரத் திட்டத்துள் சேர்க்கப்பட்ட பின், பெரிய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் முயற்சி எழுந்தது. வணிகர் அனைவரும் ஒருசேர வெளியேற மறுத்தனர். பகுதி பகுதியாகக் கட்டுக என்றனர். இதனை வளர்ச்சிக்கு எதிர்ப்பு என்று கொள்வார் உளர். வாடகைச் சட்டத்தை அறிந்தவர்க்கு அவ்வச்சத்தின் வேர் தெரியும். சென்னையின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14ஆம் பிரிவு இரண்டு நிலைகளைப் பிரித்தது. பழுது பார்ப்பதற்காக வெளியேறியவர் வேலை முடிந்ததும் திரும்பிவர உரிமை இருந்தது. இடித்துக் கட்டுவதற்காக வெளியேறியவர்க்குப் புதிய கட்டடத்தில் உரிமை இருக்கவில்லை. உரிமையாளர் இடிக்காமல் விட்டால் மட்டுமே பழைய இடத்தைக் கேட்க முடிந்தது. பம்பாய்ச் சட்டமோ, புதிய கட்டடத்திலும் பழைய குடியிருப்பவர்க்கு இடம் தரவேண்டும் என்றது. ஒரே செயலின் பயன் ஊருக்கு ஊர் இவ்வாறு மாறுபட்டது. தனியார் கட்டடத்திலேயே இந்நிலை என்றால், விலக்குப் பெறும் பொதுக் கட்டடத்தில் 'கட்டி முடித்ததும் தருவோம்' என்னும் வாய்ச்சொல் எத்துணை வலிமையுடையது என்று வணிகர் ஐயுறுவது இயல்பே. மீண்டும் தரும் கடையின் பரப்பு, வாடகை, எண் ஆகியன இடிக்குமுன்பே எழுத்தில் உறுதியாதல் வேண்டும் என்பது நம் துணிபு. அவ்வெழுத்து இல்லாவிடில், 1716ஆம் உறுப்பின் உரிமையாளர் சத்தியத்திற்கே நாம் மீண்டும் சென்று சேர்வோம்.

தரையில் அமர்ந்து விற்பவர்க்கு இந்த எழுத்தும் எட்டாது. அவர்க்கு எண்ணிட்ட கடையே இல்லை. இங்குப் புதிய துணை ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டுத் தெருவணிகர் சட்டம் இயல்பாகக் கூடும் அங்காடி என்னும் கருத்தை ஏற்றது. ஐம்பது ஆண்டுக்கு மேல் தெருவணிகர் வணிகம் புரிந்துவரும் அத்தகைய அங்காடியை மரபு அங்காடியாக அறிவிக்க வேண்டும் என்றும், அங்குள்ளோரை இடம்பெயர்க்கலாகாது என்றும் அதன் இரண்டாம் அட்டவணை கூறுகின்றது. வணிகர் பிரதிநிதிகள் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் இடம்பெறும் நகர விற்பனைக் குழு கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் வெளியேற்றலாகாது என்பது அதன் 3ஆம் பிரிவு. நகராட்சிச் சுவருக்குள் அமர்ந்து விற்பவரும் இச்சட்டத்தின் தெருவணிகரோ என்பது வாதத்திற்கு இடமானது. பொது இடம் என்னும் சொல்லைச் சட்டம் விரிந்த பொருளில் ஆள்வதால், ஆம் என்று கொள்வதற்கே வலுவுண்டு என்பது நம் கருத்து. கணக்கெடுக்க வருவோரிடம் தம் இருப்பை மெய்ப்பிக்க, அன்றன்று பெறும் அடிக்காசுச் சீட்டைத் தவிர வேறு ஆவணம் அவரிடம் பெரும்பாலும் இராது.