சிறைக்கு முன்பே நடந்த துரோகம்

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் வின்ஸ்டன் தன் காதலியை உண்மையிலேயே கைவிடுவது கடைசியில்தான். 101ஆம் எண் அறையில் எலிக்கூண்டு முகத்துக்கு நேரே வந்த பிறகு. முதலில் சிறை, அப்புறம் துரோகம். நாவலுக்கு இந்த வரிசை வசதியானது. ஆனால் ஆர்வெல்லை உலுக்கிய, ஸ்டாலின் காலத்து மாஸ்கோ விசாரணைகளில் வரிசை பெரும்பாலும் தலைகீழ். 1936 ஆகஸ்டில் பழைய போல்ஷெவிக் தலைவர்கள் ஜினோவியேவ், காமெனெவ் உள்ளிட்ட 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு நெடுங்காலம் கட்சியில் இருந்த நிகொலாய் புகாரின், சில நாட்களில் ஸ்டாலினின் சகா வொரஷிலோவுக்கு எழுதிய கடிதத்தில் அவர்களை நாய்கள் என்று சொல்லி, ஒழிந்ததில் தனக்கு ரொம்ப மகிழ்ச்சி என்றார். அப்போது அவர் கைதாகவில்லை. கைதானது 1937 பிப்ரவரியில். ஸ்பெயினில் பிராங்கோவின் செவில் சிறையில் சாவை எதிர்நோக்கிக் கிடந்த எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லருக்கு இந்தத் தலைகீழ் வரிசை பிடிபட்டிருந்தது. 1940இல் வந்த அவரது ‘நடுப்பகலில் இருள்’ நாவலின் ருபாஷோவ், தான் சிறைக்குப் போவதற்கு முன்பே, தன்னைக் காத்துக்கொள்ள, காதலி அர்லோவாவைச் சாவுக்குக் கொடுத்துவிட்டவன்.

அடித்தால் யாரும் எதிலும் கையெழுத்துப் போடுவார்கள், இதில் மனத்தத்துவம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாடக இயக்குநர் மேயர்ஹோல்டு, 65 வயதில் தன்னைக் குப்புறக் கிடத்தி ரப்பர் வாரால் உள்ளங்காலிலும் முதுகிலும் அடித்ததை சோவியத் பிரதமர் மொலோடோவுக்கு எழுதியிருக்கிறார். கட்சிக்குச் செய்யும் கடைசிச் சேவையாக ஒப்புதல் வாக்குமூலத்தைக் காட்டிய கோஸ்லரின் விளக்கம் மேயர்ஹோல்டுக்குப் பொருந்தாது. ஆனால் அடி கையெழுத்தைத்தான் விளக்குகிறது. வொரஷிலோவுக்குப் போன கடிதத்தை விளக்காது. அது வெறும் பயம் என்றும் சொல்லிவிட முடியாது. கைதாகும் முன் புகாரின் ஒரு கடிதத்தை மனைவி அன்னா லாரினாவை மனப்பாடம் செய்யவைத்தார். ரகசியப் போலீஸ் சீரழிந்த இயந்திரமாகிவிட்டது என்று அதில் தெளிவாகச் சொன்னார். அதே மனிதர் 1937 டிசம்பர் 10இல் சிறையிலிருந்து ஸ்டாலினுக்கு எழுதுகிறார்: நான் நிரபராதி, ஆனாலும் இந்தக் களையெடுப்புக்குப் பின்னால் பெரிய, துணிச்சலான அரசியல் எண்ணம் இருக்கிறது என்று. உயிர்ப்பிச்சைக்கான முகஸ்துதி அதில் இல்லாமல் இல்லை. ஆனால் சுட வேண்டாம், மார்பின் கொடுங்கள் என்றும் அதே கடிதத்தில் கேட்கிறார். சாவுக்குத் தயாரானவருக்கு வெறும் முகஸ்துதியால் என்ன லாபம்? தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொள்ளும் பழக்கம் சிறைக்கு வெளியே பல வருடம் பழகியது. சிறை அதை அறுவடை செய்தது, அவ்வளவுதான்.

ஆர்வெல் தவறவிட்டது இன்னொன்றும் உண்டு. வின்ஸ்டனிடம் கடைசியில் எதுவும் மிஞ்சவில்லை. 1938 மார்ச்சில் கூண்டில் நின்ற புகாரினோ, ஒட்டுமொத்தக் குற்றத்துக்கும் பொறுப்பேற்றுக்கொண்டே, 1918இல் லெனினைக் கொல்லத் திட்டமிட்டதாகச் சொன்னதை வாதாடி மறுத்தார். மார்ச் 15 அன்று சுட்டார்கள்.