அப்பத்தாவின் கைநாட்டு

எங்க வீட்டில் நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "எல்லாம் ஆத்தா கைநாட்டு வச்சதால போச்சு" என்று அப்பா முடிப்பார். சின்ன வயசிலிருந்து இதைக் கேட்டே வளர்ந்தேன். இந்த மலருக்காக அப்பத்தாவைப் பற்றி எழுதலாம் என்று அத்தையிடம் விவரம் கேட்கப் போனேன். அத்தை சொன்ன கதை வேறாக இருந்தது.

அப்பத்தா நம்ம புதுக்கோட்டை மாவட்டத்திலேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அவருடைய அம்மா வழியில் வந்த முக்கால் ஏக்கர் மானாவாரி நிலம் அவர் பெயரில் இருந்தது. மழை பெய்தால் கடலை போடுவார். மற்ற நாளில் குவாரியில் ஜல்லி உடைப்பார்.

தாத்தாவின் அண்ணன் வாங்கிய கடனுக்குத் தாத்தா ஜாமீன் நின்றிருக்கிறார். கடன் அடைபடவில்லை. என்ன செய்வது என்று ஆம்பளைங்க திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். நிலம் அப்பத்தா பெயரில் இருந்ததால் அவருடைய ரேகை வேண்டியிருந்தது. பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று அப்பத்தா கேட்டாராம். "அதெல்லாம் உனக்கு எதுக்கு? விரலை வை" என்றார்களாம். அடமானம் என்று நினைத்துத்தான் வைத்தார். அடுத்த ஆடியில் விதைக்கப் போனபோதுதான் அது கிரயம் என்று தெரிந்தது.

கடன் வாங்கியவரையும் ஜாமீன் போட்டவரையும் எங்க குடும்பம் மறந்துவிட்டது. அப்பத்தாவின் பெருவிரலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது.

1991-ல் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். அதே நாட்களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆம்பளைங்க சைக்கிளையே ஓட்டினார்கள். கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள்.

அப்பத்தாவுக்கு அப்போது நாற்பது வயசுக்கு மேல். பகலெல்லாம் கல் உடைத்துவிட்டு ராத்திரி வகுப்புக்குப் போவார். சம்மட்டி பிடித்த கையில் சிலேட்டுக் குச்சி நிற்காமல் உடைந்து உடைந்து போகுமாம். அவர் முதலில் எழுதிப் பழகிய சொற்களில் ஒன்று 'பட்டா'. அன்று வீட்டுக்கு வந்து அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் அதையே எழுதிவிட்டு, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அத்தை சொல்லும்போது அத்தைக்கே குரல் கம்மியது.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழு வேலை, 1997-க்குப் பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் பரவியது. எங்க ஊரில் குழு ஆரம்பித்ததும் அப்பத்தா சேர்ந்தார். தீர்மான நோட்டில் எழுதியதை ஒருத்தர் சத்தமாக வாசிக்காமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார். "இந்தக் கிழவியால கூட்டம் முடிய நேரமாகுது" என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. ஒருநாள் தொகை எழுதாத பணம் எடுக்கும் சீட்டில், "அவசரம், அப்புறம் எழுதிக்கலாம்" என்று கையெழுத்துக் கேட்டார்கள். "எழுதிக் கொண்டா, போடுறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

போன நிலம் திரும்பி வரவில்லை. ஆனால் எங்க குழுவில் இன்றைக்கும் தீர்மானத்தை வாசித்த பிறகுதான் கையெழுத்து. அது ஏன் என்று புதுசாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியட்டும் என்றுதான் இதை எழுதினேன்.

எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆத்தா மேல தப்பில்லன்னு கடைசியில எழுதிரு" என்றார்.

எழுதிவிட்டேன்.