காஜா பெராங் யாரிடமும் கேட்கவில்லை

1514ஆம் ஆண்டு மலாக்காவில் நைனா சத்து என்ற வணிகர், பதவி பறிபோன அவமானம் தாங்காமல் சிதை மூட்டி அதில் இறங்கினார் என்று போர்த்துக்கீசிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களைக் 'கெலிங்' என்று அழைத்த துறைமுகம் இது. அந்தக் கெலிங் வணிகர்களில் பெரும் செல்வர் இவர். 1509இல் சுல்தானின் ஆட்கள் பிடித்து வைத்திருந்த போர்த்துக்கீசியக் கைதிகளுக்குப் பல வகையிலும் உதவினார். 1511 ஆகஸ்டில் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் நகரைப் பிடித்ததும், அந்த நன்றிக்காகவே இவரைப் பெண்டஹாரா என்ற தலைமை அமைச்சர் பதவியில் அமர்த்தினார். மூன்று ஆண்டுகூட முழுதாகக் கழியவில்லை. அந்தப் பதவியைச் சுமத்ராவின் கம்பார் மன்னர் அப்துல்லாவிடம் கொடுத்துவிட்டார்கள். நைனா சத்துவின் கப்பல்களும் சரக்கும் அப்படியேதான் இருந்தன. போனது பட்டம் ஒன்றுதான், அதைத் தந்தவர்களே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அப்துல்லாவும் நீண்ட நாள் இருக்கவில்லை, துரோகக் குற்றம் சாட்டி அதே போர்த்துக்கீசியர் அவர் தலையை வெட்டினார்கள்.

இந்தக் கதையை நான் பள்ளியில் படித்ததில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. பணி ஓய்வு பெற்றுக் கிளேபாங்கில் குடியேறிய பிறகுதான் மலாக்காவின் பழைய சரித்திரத்தைத் தேடிப் படிக்க நேரம் வாய்த்தது. படித்ததும் மனம் அதே கெலிங் வணிகர்களின் வழிவந்த இன்னொரு கூட்டத்திடம் போனது. கிளேபாங்கிலிருந்து நகரத்துக்குப் போகும் கடலோரச் சாலையில் லிம்போங்கான் தாண்டி, தெங்கேரா வந்ததும் உள்பக்கம் திரும்பினால் காஜா பெராங். அங்கே இருக்கிறது மலாக்கா செட்டிகள் வாழும் செட்டிக் கம்பம்.

இவர்களை நகரத்தார் செட்டியார்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நகரத்தார் வந்தது பிரிட்டிஷ் காலத்தில், வட்டித் தொழிலுக்கு. இவர்கள் சுல்தான் காலத்திலேயே வந்தவர்கள். பருவக்காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்ததால் இங்கேயே பெண் எடுத்தார்கள், குடும்பம் வளர்ந்தது. நாளடைவில் வீட்டுப் பேச்சு மலாய் ஆனது. பெண்கள் சாரோங் கெபாயா உடுத்தினார்கள். பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்ற பெயர்களும் சிவன், பிள்ளையார், மாரியம்மன் என்ற தெய்வங்களும் மட்டும் மாறவில்லை.

1641இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். வணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள், தனி வணிகர்களுக்கு இடம் சுருங்கியது. பிறகு 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் தலையெடுக்க, கப்பல்கள் மலாக்காவை விட்டு நகர்ந்தன. கடல் வணிகத்தில் செழித்த செட்டிகள் காஜா பெராங் பக்கம் ஒதுங்கி வயலும் பழத்தோட்டமும் பார்த்தார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் சிலர் அரசாங்க அலுவலகங்களில் எழுத்தர் ஆனார்கள். சீரும் செல்வமும் போய்விட்டன.

கோவில்கள் எழுந்த ஆண்டுகளைப் பாருங்கள். தட்டாரத் தெருவான ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோவில், டச்சு அரசு தந்த நிலத்தில் செட்டிகளின் தலைவர் 1781இல் கட்டியது. காஜா பெராங்கின் முத்து மாரியம்மன் கோவில் 1822இல் வந்தது. துறைமுகம் தேய்ந்துகொண்டிருந்த காலம் அது. கைப்பணம் கரைகிறவர்கள் கோவில் கட்டினார்கள் என்றால், ஊரார் மெச்ச வேண்டும் என்பதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி எங்கள் கதை, தோட்டத் தமிழர்களின் கதை. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிடப்பட்டதற்கு அதுதான் தொடக்கம். அதன் பிறகு கங்காணிகள் தமிழ்நாட்டில் ஊர் ஊராய் ஆள் திரட்டிக் கப்பல் ஏற்றினார்கள். என் தாத்தா பாட்டி அப்படி வந்தவர்கள். நான் பிறந்தது ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில்.

தோட்டத்தில் ஒரு மனிதரின் மதிப்பை அடுத்தவர்தான் சொல்ல வேண்டும். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்றால் செக்குரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கிராணி பேர் போட வேண்டும், மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டியிருக்கிறோமா என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்ல வேண்டும். துரை கார் வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். அம்மா நன்றாகப் பால் வெட்டுவார். ஆனால் மண்டோர் தலையாட்டாத நாளில், தான் வெட்டியது சரியில்லையோ என்று வீட்டுக்கு வந்தும் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சந்தேகம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆசிரியை ஆன பிறகும், தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேச்சாளர் வந்து 'உங்கள் தமிழ் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது' என்று சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்கும். மலேசியத் தமிழர்களில் படித்தவர்கள் பலருக்கும் இந்த வியாதி உண்டு. மேடைக்கு மேடை பார்த்திருக்கிறேன்.

ஒரு மே மாதம் அம்மா என்னைக் காஜா பெராங் மாரியம்மன் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். அந்தத் திருவிழாவை உள்ளூர் மக்கள் 'டத்தோ சச்சார்' என்பார்கள். அம்மை நோய்க்கான அம்மன் அல்லவா, சீனர்களும் வேண்டிக்கொண்டு வருவார்கள். கெபாயா போட்ட பெண்கள் அம்மன் முன்னால் மலாயில் பேசிக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்து அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"என்னாடி இது, ஆத்தா முன்னாடி கைலி கட்டிக்கிட்டு நிக்குதுங்க! தமிழ் தெரியாதாம்மா உங்களுக்கு?"

சட்டியில் கிளறிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி தலையை இல்லை என்று ஆட்டினார். கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. அகப்பையும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எங்களுக்குச் சாப்பாடு போட்டவரும் அவர்தான். அம்மா திரும்பி வரும் வழியெல்லாம், 'பாஷையே தெரியல, எப்புடித்தான் இப்புடி நிக்கிறாங்களோ' என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

இப்போது எனக்குத் தெரிந்த பதில் 'பார்ச்சு'. பொங்கலுக்கு முதல்நாள், போகியன்று, செட்டி வீடுகளில் முன்னோர்க்குப் படையல் வைப்பார்கள். வாழையிலையில் சோறு, மீன் போட்ட பிண்டாங் குழம்பு, பலகாரம், இறந்தவர் உயிரோடிருந்தபோது ஆசைப்பட்டுத் தின்ற பண்டங்கள். விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு வணங்குவார்கள். பழங்கள் பழுக்கும் ஆண்டின் நடுப்பகுதியில் இன்னொரு பார்ச்சு, அதற்கு டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான். நம் ஊர்ப் படையல்தான், டுரியான் மட்டும் இந்த மண் சேர்த்தது. எந்தப் பண்டிதரிடமும் அதற்கு அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. பாட்டி எப்படிச் செய்தாரோ அப்படிச் செய்தார்கள், அதை அவரவர் வீட்டுக்குள்ளேயே செய்தார்கள். பார்க்க ஆளில்லாத இடத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை தவறாமல் நடப்பதற்கு, வெளியிலிருந்து யார் கை தட்ட வேண்டும்? அந்த மூதாட்டியின் அகப்பை நிற்காததற்குக் காரணம் இதுதான் என்பது என் முடிவு.

அதற்காக அவர்களைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். தன்னம்பிக்கை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. 1960களில் பொய்யாத விநாயகர் கோவிலின் நிர்வாகம் நகரத்தார் கைக்குப் போனது, கட்டிய சமூகத்துக்குச் செலவு தாங்கவில்லை. இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், கம்பத்தில் குடும்பங்கள் குறைந்துவிட்டன. கம்பத்தை ஒட்டி உயர்மாடிக் கட்டடங்கள் வரப்போகின்றன என்று தெரிந்தபோது எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மண்ணின் மைந்தர் என்ற பூமிபுத்திரா தகுதி கேட்டும் அரசாங்கத்தின் கதவைத் தட்டுகிறார்கள். அதில் தவறென்ன? பிள்ளையின் படிப்புக்கும் வீட்டு நிலத்துக்கும் அரசாங்கத் தாள் வேண்டியிருக்கிறது. தாளுக்காக மனுக் கொடுப்பதும் தாள் வந்தால்தான் நாம் மனிதர் என்று நினைப்பதும் வேறு வேறு. நைனா சத்து இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார்.

பாராட்டும் வந்து சேர்ந்தது, மிகத் தாமதமாக. 2008இல் மலாக்கா நகரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது பொய்யாத விநாயகர் கோவில் இருக்கும் தெருவும் அதற்குள் வந்தது. 2018இல் சிங்கப்பூரின் இந்திய மரபுடைமை நிலையம் மலாக்கா செட்டிகளுக்கென்றே கண்காட்சி வைத்தது. செட்டிக் கம்பத்தில் சிறு அருங்காட்சியகமும் உண்டு. இவை எதுவும் இல்லாத காலத்திலும் பார்ச்சு நடந்தது.

கிளேபாங்குக்கு வருகிறவர்கள் தேங்காய் ஷேக் குடித்துவிட்டு, அங்கே காட்சிக்கு நிறுத்தியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பலின் முன் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச தூரம் காஜா பெராங்வரை போய் வாருங்கள். மே மாதத் திருவிழா சமயம் என்றால் இன்னும் நல்லது. சாப்பாடு போட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தமிழ் தெரியுமா என்று மட்டும் அவர்களைக் கேட்காதீர்கள்.