பீட்டர்சனின் காரும் காஃப்மனின் கட்டைவிரலும்

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எத்தனை வகைப் பறவைகளைப் பார்க்க முடியும் என்று கணக்கு வைக்கும் ஓட்டத்தை அமெரிக்கர்கள் 'பிக் இயர்' என்கிறார்கள். அதன் வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பவை இரண்டு பயண நூல்கள்: 1955இல் வந்த 'வைல்ட் அமெரிக்கா', 1997இல் வந்த 'கிங்பேர்ட் ஹைவே'.

முதலாவது 1953ஆம் ஆண்டுப் பயணம். ரோஜர் டோரி பீட்டர்சன் 1934லேயே பறவைக் கையேடு எழுதிப் பெயர் பெற்றவர். ஆங்கிலேய நண்பர் ஜேம்ஸ் ஃபிஷருக்குத் தன் கண்டத்தைச் சுற்றிக்காட்ட ஆசைப்பட்டார். ஏப்ரலில் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி, புளோரிடாவுக்கு இறங்கி, டெக்சாஸ், அரிசோனா, கலிபோர்னியா என்று வளைந்து அலாஸ்காவில் முடித்தார்கள். 100 நாள், 30,000 மைல். விருந்தாளிக்கு ஊர் காட்டுகிற உற்சாகம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அந்த ஆண்டு பீட்டர்சன் பார்த்தவை 572 வகை. அதை ஓர் அடிக்குறிப்பில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். பின்னால் வந்தவர்கள்தான் அந்த எண்ணைத் துரத்தினார்கள்: 1956இல் ஸ்டூவர்ட் கீத் 598, 1971இல் டெட் பார்க்கர் 626.

இரண்டாவது நூலை எழுதிய கென் காஃப்மனிடம் காரும் இல்லை, காசும் இல்லை. 16 வயதில் பள்ளியை விட்டவர். 1973 பிறந்தபோது அவருக்கு 18. நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டைவிரலை நீட்டி லிப்ட் கேட்டே கண்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்தார். ஆண்டு முழுவதற்கும் ஆன செலவு 1,000 டாலருக்கும் குறைவு. பையில் பூனைகளுக்கென்று விற்கும் காய்ந்த தீனி இருக்கும். பசித்தால் அதையே தின்றார்.

அவருடைய நூலின் தலைப்பில் இருக்கும் கிங்பேர்ட் நம் கரிச்சானைப் போலக் கம்பியில் உட்கார்ந்திருக்கும். பாய்ந்து பூச்சியைப் பிடித்து மறுபடி கம்பிக்கே வரும். ஓடுகிற காரில் இருப்பவருக்கு அது ஒரு புள்ளி. அடுத்த வண்டிக்காக மணிக்கணக்கில் வெயிலில் நிற்பவருக்கோ அதன் ஒவ்வொரு பாய்ச்சலும் தெரியும். இரு நூல்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் என்பேன். பீட்டர்சன் அறிந்ததைக் காட்டப் போனார். காஃப்மன் அறியாததைக் காத்திருந்து கற்றார்.

அமெரிக்கப் பறவையாளர் சங்கத்தின் எல்லைக் கணக்கில் காஃப்மனுக்கு அந்த ஆண்டு 666 வகை. ஃபிலாய்ட் மர்டாக் 669 பார்த்து முந்திவிட்டார். ஆனால் அதற்குள் காஃப்மனுக்குப் பட்டியல் ஆசையே தணியத் தொடங்கியிருந்தது. பறவையின் பெயருக்கு எதிரே குறி போடுவதும் பறவையை அறிவதும் வேறு வேறு என்று கண்டுகொண்டவர், பின்னாளில் தாமே கையேடு எழுதுபவரானார். பீட்டர்சன் தொடங்கிய இடத்துக்குச் சாலை வழியாக வந்து சேர்ந்தார்.

இருவரில் என் மனம் காஃப்மன் பக்கமே சாய்கிறது. வழித்துணையாக ஒரு நண்பர் வேண்டும் என்பதில் மட்டும் பீட்டர்சனுக்கே என் வாக்கு. ஜனவரியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஆண்டைத் தொடங்கப் போகிறவர்களே, நாளுக்கோர் இடம் என்று திட்டம் போடாதீர்கள். ஓரிடத்தில் இரண்டு இரவாவது தங்குங்கள்.