ராஜா செடி லண்டனில் ஏன் பிழைக்கவில்லை?

குடுவைத் தாவரம் வளர்க்கும் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "உங்ககிட்ட இருக்கிறது மலைச்செடியா, சமவெளிச் செடியா?" நெப்பந்தஸ் பேரினத்தில் ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்துக்கு மேல் வளர்கிறவை ஒரு கூட்டம், கீழே வளர்கிறவை இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் பராமரிப்பு வேறு. இன்று புதிதாக ஒரு தொட்டி வாங்குகிறவருக்குக்கூட இது தெரியும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில், உலகத்திலேயே கெட்டிக்காரத் தோட்டக்காரர்கள் என்று பேரெடுத்தவர்கள், இந்தக் கேள்வியைக் கேட்காமலே அரிய செடிகளைத் தொட்டி தொட்டியாகக் கொன்றிருக்கிறார்கள். கொஞ்ச நாளாக அந்தக் கதையைத் துருவிக்கொண்டிருந்தேன்.

பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இலையின் நுனி ஒரு பற்றுக்கம்பியாக நீண்டு, அதன் முனை ஊதிக் குடுவையாகிறது. விளிம்பு வழுக்கும். உள்ளே விழுந்த பூச்சி அங்கிருக்கும் திரவத்தில் செரிக்கப்படுகிறது. மண்ணில் நைட்ரஜன் கிடைக்காத இடத்தில் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆகவே உரம் போட்டால் கெடும் என்பது பாலபாடம்.

ஐரோப்பியர் இதை முதலில் எழுதிவைத்தது 1658இல். மடகாஸ்கரில் ஆளுநராக இருந்த பிரெஞ்சுக்காரர் எத்தியேன் தெ ஃப்ளகூர், அந்தத் தீவைப் பற்றிய நூலில் குறிப்பிடுகிறார். அடுத்து வெளியே தெரிந்தது இலங்கைச் செடி. சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். லின்னேயஸ் 1753இல் இதற்கு நெப்பந்தஸ் டிஸ்டிலட்டோரியா என்று பெயர் வைத்தார். நெப்பந்தஸ் என்பது ஹோமரின் காவியத்தில் ஹெலன் திராட்சை மதுவில் கலக்கும், துக்கத்தை மறக்கடிக்கும் மருந்து. பூச்சி தின்னும் விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு இனிமையான பெயர் வைத்திருப்பாரா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மேகாலயாவில் காரோ மக்கள் தங்கள் மலையில் வளரும் குடுவைச் செடியை 'மேமாங் கொக்ஸி' என்கிறார்கள். பேயின் கூடை என்று பொருள். செடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் இட்ட பெயர் என்று தெரிகிறது, இல்லையா?

அந்த மேகாலயச் செடியில்தான் நம் கதையின் முதல் குழப்பம் இருக்கிறது. பிரிட்டிஷ் கண்ணாடி வீடுகளில் 'டிஸ்டிலட்டோரியா' என்ற பெயர்ச்சீட்டோடு நின்ற செடிகளில் பல உண்மையில் காசி மலையிலிருந்து போனவை. இலங்கைச் செடி தென்மேற்கின் ஈரமான தாழ்நிலத்தது, காசிச் செடி மலைக்காரி. கியூ தோட்டத்தின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் 1873இல்தான் அதற்கு நெப்பந்தஸ் காசியானா என்று தனிப் பெயர் கொடுத்தார். அதுவரை இரண்டும் ஒரே பெயரில், ஒரே கவனிப்பில் வளர்ந்தன. காசியானா முரட்டுச் செடி, வெக்கையும் தாங்கும், குளிரும் தாங்கும். அது தாங்கிக்கொண்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சரி, அவர்கள் கவனிப்பு எப்படி இருந்தது? வெப்பமண்டலச் செடி என்று ஒன்று வந்தால் அது போகும் இடம் 'ஸ்டோவ்'. அடுப்பு என்றுதான் அந்தக் கண்ணாடி வீட்டுக்கே பெயர்! நிலக்கரி எரித்து, வெந்நீர்க் குழாய் ஓடவிட்டு, ராத்திரியிலும் 65, 70 பாரன்ஹீட்டுக்குக் கீழே போகாமல் வைத்திருப்பார்கள். செல்சியஸில் 18 முதல் 21. 1845இல் பிரிட்டனில் கண்ணாடி வரி நீங்கியதும் இந்த வீடுகள் பெருகின. கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை மூடிக் கப்பலேற்றும் வார்டு பெட்டி அதற்கு முன்பே வந்துவிட்டது. லண்டன் செல்சியில் இருந்த வீச் நர்சரி இந்த வியாபாரத்தின் முதலாளி. சொந்தமாகச் செடி தேடிகளை உலகமெங்கும் அனுப்பியது. அவர்களிடம் வேலை பார்த்த ஜான் டொமினி, குடுவைச் செடியில் முதல் கலப்பினத்தை உருவாக்கினார். இது லேசான வேலை அல்ல. நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தாக வேண்டும். ராஃப்லசியானா, ஆம்புல்லேரியா போன்ற போர்னியோ தாழ்நிலச் செடிகள் ஸ்டோவ் வீட்டில் செழித்தன. நாரோடு கூடிய பீட் மண், ஸ்பாக்னம் பாசி, தொங்கும் மரக்கூடை, ஓயாத ஈரம், ஓயாத சூடு. இதுதான் சூத்திரம் என்று முடிவாகிவிட்டது. குற்றம் சொல்லவும் முடியாது, கண்ணெதிரே பலித்த சூத்திரம் அது.

இப்போது வடக்கு போர்னியோவின் கினபாலு மலைக்குப் போவோம். பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ 1851இல் இதில் ஏறினார். பதிவான முதல் ஏற்றம் அதுதான். 1858இல் ஸ்பென்சர் செயின்ட் ஜானோடு மறுபடி போனார். அங்கே கிடைத்த செடிகளை 1859இல் ஹூக்கர் விவரித்தார். அவற்றில் பெரியது நெப்பந்தஸ் ராஜா. சரவாக்கை ஆண்ட வெள்ளைக்கார ராஜா ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக வந்த பெயர். குடுவை தரையில் உட்கார்ந்திருக்கும், மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீர் கொள்ளும். ஒரு குடுவையில் எலி மூழ்கிச் செத்துக் கிடந்ததை செயின்ட் ஜான் 1862இல் வந்த தன் பயண நூலில் எழுதினார். அந்த எலி ஐரோப்பா முழுக்கப் பிரபலமாகிவிட்டது.

அதே நூலில் பாக்கா குகையில் தங்கிய இரவுகளின் குளிரும் பதிவாகியிருக்கிறது. எலியை எல்லோரும் படித்தார்கள், குளிரை யாரும் படிக்கவில்லை. எனக்கு இந்த இடம்தான் பெரிய ஆச்சரியம். கணக்கு ரொம்ப எளிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 பாகை செல்சியஸ் குறையும். கடற்கரையில் சராசரி 27 என்றால் 2000 மீட்டரில் 15. ராஜா வளர்வது 1500 முதல் 2650 மீட்டர் வரை. அதாவது பகலில் இதமான வெயில், ராத்திரியில் போர்வை கேட்கும் குளிர். போர்னியோ என்ற பெயரைக் கேட்டதும் லண்டனில் பூமத்தியரேகை, புழுக்கம் என்றே நினைத்தார்கள். அகலாங்கைப் பார்த்தார்கள், உயரத்தைப் பார்க்கவில்லை.

வீச் நர்சரிக்காக ஃபிரடெரிக் பர்பிட்ஜ் 1877-78இல் கினபாலு போய் ராஜாவைக் கொண்டுவந்தார். 1882இல் ராயல் தோட்டக்கலைச் சங்கக் காட்சியில் அதற்கு முதல் வகுப்புச் சான்று. 1889ஆம் வருஷத்து வீச் விலைப்பட்டியலில் ஒரு செடி இரண்டு பவுன் இரண்டு ஷில்லிங். அன்றைய இங்கிலாந்துப் பண்ணைத் தொழிலாளிக்கு ஏறக்குறைய மூன்று வாரக் கூலி. வாங்கிய சீமான் அதை எங்கே வைப்பார்? ஸ்டோவில்தான். விலை கூடக் கூட, இன்னும் பத்திரமாக, இன்னும் சூடாக.

செடி உடனே சாகாது. அதுதான் தொல்லை. ராத்திரியும் சூடாக இருந்தால், பகலில் சேர்த்த சர்க்கரையை மூச்சுவிட்டே தீர்த்துவிடும். புது இலை முந்தையதைவிடச் சிறிதாக வரும், குடுவை வருவது நிற்கும், பிறகு மெதுவாகக் கருகும். ராஜா இயல்பிலேயே ஆமை வேகச் செடி. பழுது வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் தண்ணீரைக் குறை சொல்லலாம், பாசியைக் குறை சொல்லலாம். சூட்டைக் குறை சொல்ல மட்டும் யாருக்கும் தோன்றாது, பக்கத்துக் கூடையில் ராஃப்லசியானா கொழுகொழுவென்று நிற்கிறதே.

இத்தனைக்கும் இதே பாடம் ஆர்க்கிட் செடிகளில் ஏற்கெனவே கற்கப்பட்டிருந்தது. ஆண்டிஸ் மலை ஆர்க்கிடுகளை ஸ்டோவில் வேகவைத்துச் சலித்தபின், 1860களில் ஜேம்ஸ் பேட்மன் குளிர் வீட்டில் வளர்க்கும் முறையைப் பரப்பினார். குடுவைச் செடிக்காரர்களிடம் அந்தப் புத்தி முழுசாக வந்து சேரவில்லை. அவர்களுடைய ஆர்வம் வேறு பக்கம் போயிருந்தது. 1874இல் பெல்ஃபாஸ்ட் கூட்டத்தில் ஹூக்கர், முட்டை வெள்ளைக்கருவையும் இறைச்சியையும் குடுவைக்குள் போட்டுச் செய்த சோதனைகளை விவரித்திருந்தார். மறு ஆண்டு டார்வினின் பூச்சியுண்ணும் தாவரங்கள் நூல் வந்தது. என்ன தின்கிறது என்பதுதான் அன்றைய பேச்சு. எங்கே தூங்குகிறது என்று யார் கேட்டார்கள்?

1905க்குள் வீச் நர்சரியின் கடைசி ராஜா போய்விட்டது. டப்ளின் கிளாஸ்நெவின் தாவரவியல் தோட்டத்தில் ஒன்று மிஞ்சியிருந்து, அதுவும் செத்தது. பர்பிட்ஜ் பிற்காலத்தில் டப்ளினிலேயே இன்னொரு தோட்டத்தின் பொறுப்பில் இருந்தவர். அவர் காலமானதும் 1905இல்தான். 1914இல் வாரிசில்லாமல் செல்சி நர்சரி மூடப்பட்டது. பிறகு யுத்தம், நிலக்கரித் தட்டுப்பாடு. ஸ்டோவ் வீடுகளே அணைந்தன.

இதில் செடி வளர்ப்பவரின் நஷ்டத்தைவிட எனக்கு உறுத்துவது மலையின் நஷ்டம். லண்டனில் ஒன்று செத்தால் அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று கினபாலுவிலிருந்துதான் வர வேண்டும். நெப்பந்தஸ் மோகம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரும்பியபோது, பறித்து விற்பதும் கூடவே திரும்பியது. 1981இல் ராஜா, சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்குப் போனது. காட்டுச் செடியின் பன்னாட்டு வியாபாரத்துக்குத் தடை. பின்னால் நம் காசியானாவும் அதே பட்டியலில் சேர்ந்தது. நெப்பந்தஸில் இந்த இரண்டுக்கு மட்டும்தான் அந்த இடம். காசியானாவுக்காக மேகாலயாவின் பாக்மாராவில் ஒரு சரணாலயமும் உண்டு.

இன்று விற்கும் ராஜா திசு வளர்ப்பில் குப்பிக்குள் பிறந்தது. இதில் பேர்பெற்ற போர்னியோ எக்ஸாட்டிக்ஸ் நர்சரி இருப்பது இலங்கையில். தேயிலை விளையும் மலையகத்தின் குளிரில் மலைச்செடிகளை வளர்க்கிறார்கள். லண்டன் செல்சி மலர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோய்த் தங்கப் பதக்கமும் வாங்கியிருக்கிறார்கள், வீச் நர்சரி இருந்த அதே செல்சியில்.

சென்னையிலிருந்து ஒரு வாசகர் மின்னஞ்சலில் ராஜா வாங்கலாமா என்று கேட்டிருந்தார். மே மாத ராத்திரியில் உங்கள் மாடியில் எத்தனை பாகை என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சமவெளிக்கு ஆம்புல்லேரியா இருக்கிறது. சும்மா தரையோடு தரையாகக் குட்டிக் குட்டிப் பானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நிழலும் ஈரமும் கொடுத்தால் போதும்.