காண்டாமிருக வண்டு

தென்னையைத் தாக்கும் பூச்சிகளுள் கொங்கு நாட்டு உழவர் நன்கறிந்தது காண்டாமிருக வண்டு. கருமையும் பளபளப்பும் கொண்ட இவ்வண்டின் தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு இருப்பதால் இப்பெயர் அமைந்தது. 1758இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸும் காண்டாமிருகத்தைக் குறிக்கும் ரைனோசெரஸ் என்னும் சொல்லையே தெரிந்தெடுத்தார். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரத் தோப்புகளில் இதன் சேதம் மரத்தின் உச்சியில் தெரிந்தாலும், இதன் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது தொழுவத்தையொட்டிய எருக்குழியில்தான்.

பெண் வண்டு மட்கிய சாணத்திலோ, சாய்ந்து அழுகிய தென்னந்தண்டிலோ வெண்ணிற முட்டைகளைத் தனித்தனியே இடுகிறது. நீள்வட்டமான முட்டை, சுற்றிலுமுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்து உருண்டையாகி, ஏறக்குறைய பத்து நாளில் பொரிக்கிறது. வெளிவரும் புழு வெண்மையாகவும், பழுப்புத் தலையுடனும், பிறைபோல் வளைந்த உடலுடனும் இருக்கும். உடலின் இருபுறமும் வரிசையாகத் தெரியும் சிறு புள்ளிகள் சுவாசத் துளைகள். பூச்சிகளுக்கு நுரையீரல் இல்லாமையால் இத்துளைகள் வழியாகவே காற்று உட்செல்கிறது. பூச்சியின் தோல் ஓரளவுக்கு மேல் விரியாது என்பதால், வளரும் புழு பழைய தோலைக் கழற்றிவிட்டுப் புதிய தோலுடன் வெளிப்படுவதே தோலுரித்தல் எனப்படுகிறது. இப்புழு இருமுறை தோலுரித்து மூன்று பருவங்களைக் கடக்க மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகின்றன. அக்காலம் முழுவதும் மட்கும் பொருளைத் தின்று எருவாக்குவதன்றி அது உயிருள்ள தென்னைக்குத் தீங்கேதும் செய்வதில்லை.

பின்னர்ப் புழு மண்ணிலோ எருவிலோ ஓர் அறை அமைத்து, அதனுள் கூட்டுப்புழுவாக மாறி, ஏறத்தாழ மூன்று வாரம் உணவின்றிக் கிடக்கிறது. புறத்தே அசைவற்றதாகத் தோன்றும் இக்காலத்தில்தான் புழுவின் உடல் குலைந்து, சிறகும் கொம்பும் நீண்ட கால்களும் உருவாகின்றன. முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்னும் நான்கு நிலைகளும் அமைந்த இவ்வளர்ச்சி முழு உருமாற்றம் எனப்படும். வெட்டுக்கிளியில் கூட்டுப்புழு நிலை இல்லாமல், குஞ்சு பிறக்கும்போதே தாயின் சாயலில் இருந்து, பின்னர்ச் சிறகு மட்டும் வளரப் பெறுவதால் அது குறை உருமாற்றம் எனப்படுகிறது.

வெளிவந்த வண்டு நான்கைந்து மாதங்கள் வாழ்கிறது. ஆணின் கொம்பு நீண்டது. பெண்ணின் வால்முனையில் செம்பழுப்பு மயிர்கள் அடர்ந்திருக்கும். இரவில் பறந்துவரும் வண்டு விரியாத குருத்தைத் துளைத்து, சாற்றை உறிஞ்சிச் சக்கையை வெளியே தள்ளுகிறது. மடிந்திருந்த ஓலை பின்னர் விரியும்போது, கத்தரியால் நறுக்கியது போன்ற முக்கோண வெட்டுகள் இருபுறமும் தோன்றுகின்றன. வெட்டு கண்ணுக்குப் புலப்படும் வேளையில் வண்டு வேறு மரத்துக்குச் சென்றிருக்கக்கூடும்.

எருவில் பதுங்கும் இவ்வியல்பே இப்பூச்சி கடல் கடக்கவும் வழிசெய்தது. 1909இல் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் நாற்றுகளோடு சமோவாத் தீவை அடைந்து, பசிபிக் தீவுகளின் தென்னைகளைப் பெரிதும் அழித்தது. 1963இல் மலேசியாவில் இவ்வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்று கண்டறியப்பட்ட பின்னரே அத்தீவுகளில் இதன் பெருக்கம் தணிந்தது. எருக்குழியிலுள்ள புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையை உழவர்கள் எருவில் கலக்கின்றனர். இப்பூஞ்சையைத் தேங்காய்த் தண்ணீரிலேயே வளர்க்க இயல்வது தென்னை விளையும் நாட்டுக்கு வாய்த்த நற்பேறு. மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து குருத்தையடுத்த மட்டை இடுக்குகளில் இடுவதும், கொக்கிக் கம்பியால் வண்டைக் குத்தியெடுப்பதும் தோப்புகளில் நெடுநாளைய வழக்கங்கள்.

வண்டு குடைந்த புண்ணை நாடிவரும் சிவப்புக் கூன்வண்டு அங்கே முட்டையிடுவதுண்டு. அதன் புழு எருவில் வளராமல் தண்டினுள்ளேயே குடைந்து தின்பதால், கொண்டை சாயும் வரை மரத்தின் நோய் வெளியே புலப்படாமலே போகலாம்.